ஒரு கம்பளித் துண்டின் ஊர்

ஆசிரியருக்கு வணக்கம்.

அகழாய்வுச் செய்தி என்றால் பொன்னும் காசும் சிலையும்தான் படமாக வருகின்றன. மக்கிய துணித் துண்டுகளுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இடைக்கால ஐரோப்பாவில் பெரும் பணம் புரண்டது கம்பளியில்தான். இங்கிலாந்தின் ஆட்டு ரோமம் கப்பலேறி ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியத்தை ஒட்டிய பகுதி) நகரங்களின் தறிகளுக்குப் போனது. ஐஸ்லாந்தில் ‘வாத்மால்’ என்ற கம்பளித் துணியே பணமாகப் புழங்கியது. இதெல்லாம் பழைய ஏடுகளில் இருக்கிறது. ஆனால் மண்ணில் கிடைத்த துண்டு எந்த ஊர் ஆட்டினுடையது என்று ஏடு சொல்லாது. அதை அந்தத் துண்டே சொல்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு! ஆடு மேய்ந்த புல், குடித்த நீர் இவற்றின் கார்பன், நைட்ரஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதங்கள் இடத்துக்கு இடம் மாறும்; அவை ரோமத்தின் கெரட்டின் என்ற புரதத்தில் பதிந்துவிடுகின்றன. ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்பு விகிதமோ மேய்ச்சல் நிலத்தின் பாறையைக் காட்டுகிறது.

சரி, புதைந்த மண்ணிலும் சாயத்திலும் உள்ள ஸ்ட்ரான்சியம் அதோடு கலந்துவிடாதா? கலக்கும். டென்மார்க்கில் காரின் ஃப்ரை போன்ற ஆய்வாளர்கள் அதை முதலில் நீக்கிவிட்டு அளக்கும் முறையை வகுத்தார்கள். அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

1921-இல் கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் இடுகாட்டில் உறைமண் காப்பாற்றிய கம்பளி உடைகள் கிடைத்தன. சாதாரண மக்கள் உடுத்தியவை. அவற்றின் படத்தை உங்கள் ஞாயிறு இதழில் பார்க்க ஆசை.

– ஒரு வாசகர்