ஒன்பதாம் வகுப்பை முதலில் பாருங்கள்: சிகாகோ கல்வி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்நகரின் பொது நூலகக் கிளை ஒன்றில் வாரத்துக்கு இரண்டு மாலைகள் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லித்தருகிறேன். சிகாகோ மக்கள் கல்வி வாரியத்துக்கு முதன்முறையாக வாக்களித்தது 2024 நவம்பரில்தான். அதுவரை உறுப்பினர்களை மேயரே நியமித்துவந்தார். அப்படி வாக்களித்தவர்களில் ஒருத்தி என்ற உரிமையோடு இதை எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு முதலிடம் தாருங்கள் என்று இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களும் தங்கள் பகுதி உறுப்பினரிடம் கேட்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு குளிர்கால மாலையில், உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டான ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவன் தன் அல்ஜீப்ரா மதிப்பெண் தாளை என் மேசையில் கவிழ்த்து வைத்தான். திருப்பிப் பார்த்தேன். 78, 81, 75, அவற்றின் நடுவே இரண்டு பூச்சியங்கள். சராசரி 47-ஐக்கூடத் தொடவில்லை, பாடத்தில் எஃப், அதாவது தோல்வி. இரண்டு மாறிகள் கொண்ட சமன்பாட்டைச் சற்று முன்புதான் பிழையில்லாமல் போட்டுக்காட்டியிருந்தான். அம்மா விடியுமுன் வேலைக்குப் போய்விடுவதால், தங்கையை அவளுடைய பள்ளியில் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவன். பூச்சியம் விழுந்த இரண்டு நாளும் முதல் பீரியடைத் தவறவிட்டிருக்கிறான். "ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டார்களா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினான்.

இந்த எஃப் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை உலகுக்குச் சொன்னதே உங்கள் ஊர்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழுவைச் சேர்ந்த எலைன் ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் 2005-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் ஐந்து முழு ஆண்டுக் கிரெடிட்டுகளை (பாடத்தில் தேறினால் கிடைக்கும் அலகுகளை) சேர்த்து, முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டருக்கு மேல் எஃப் வாங்காத பிள்ளைகள், மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகமாக நான்கே ஆண்டுகளில் படிப்பை முடிக்கிறார்கள். பிள்ளையின் பழைய தேர்வு மதிப்பெண்களும் குடும்பப் பின்னணியும் சொல்வதைவிட இந்த ஓர் ஆண்டு அதிகம் சொல்லிவிடுகிறது. இதை உணர்ந்த பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களைக் குழுவாக உட்காரவைத்து, சரிந்துவரும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசின; 2007-ல் 57 சதவீதமாக இருந்த 'ஆன் டிராக்' பிள்ளைகளின், அதாவது மேற்சொன்ன அளவை எட்டியவர்களின், பங்கு 2013-ல் 82 சதவீதமானது. பெரிய இயந்திரமோ புதிய பாடநூலோ தேவைப்படவில்லை. ஆசிரியர்கள் பேசுவதற்கு நேரமும், கையில் அந்த வாரத்துப் பட்டியலும் இருந்தன.

அந்த நேரத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். வரவுசெலவுத் திட்டத்தில் பற்றாக்குறை வரும்போதெல்லாம் முதலில் கைவைக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத இத்தகைய வேலைகள்மீதுதான் என்று அஞ்சுகிறேன். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் குழுக்களின் கூட்ட நேரத்தை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகரான கவுன்சிலர் ஒருவருக்கு 250 மாணவர்கள் என்பது அத்துறையினரின் தேசியச் சங்கம் பரிந்துரைக்கும் அளவு. முதலில் ஒன்பதாம் வகுப்பிலாவது அதை எட்டுங்கள். அனுபவம் மிகுந்த ஆசிரியர்களை மேல் வகுப்புகளுக்கே ஒதுக்கும் வழக்கம் உள்ள பள்ளிகளில் அதையும் மாற்றச் சொல்லுங்கள். பள்ளி நாள்களில் பத்தில் ஒரு பங்கைத் தவறவிடும் பிள்ளையை, அதாவது 180 நாள்களில் 18 நாள் வராதவரை, தொடர்ந்து வராதவர் என்று கணக்கிடுகிறோம். அந்தப் பதினெட்டாம் நாள்வரை காத்திராமல் மூன்றாம் நாளே வீட்டுக்குத் தொலைபேசி போக வேண்டும்.

இன்னொன்றையும் மனம் வருந்தியே எழுதுகிறேன். நாடு முழுவதும் நான்காண்டுத் தேர்ச்சி விகிதம், அதாவது உயர்நிலைப் பள்ளியை நான்கே ஆண்டுகளில் முடிப்போரின் பங்கு, 2010-11-ல் 79 சதவீதமாக இருந்து 2021-22-ல் 87 ஆனது மகிழ்ச்சிக்குரியதே. ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் அதில் இன்னும் வெகுவாகப் பின்தங்கியிருக்கிறார்கள். ஆனால் எண்ணை மட்டும் உயர்த்தும் ஆசை எங்கே கொண்டுபோகும் என்பதைத் தலைநகர் வாஷிங்டனில் பார்த்தோம்: 2017-ல் டிப்ளமா எனும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், வரம்பு மீறிய விடுப்பு இருந்தும், அல்லது தோற்ற பாடத்தின் கிரெடிட்டை மீட்டுத்தரும் 'கிரெடிட் ரெக்கவரி' வகுப்பில் முறைகேடாகச் சேர்க்கப்பட்டும், தேர்ச்சி பெற்றதாக 2018 ஜனவரியில் வெளியான தணிக்கை கண்டறிந்தது. கணினித் திரையில் இரண்டு வாரம் பொத்தானை அழுத்தி ஓராண்டு அல்ஜீப்ராவை ஈடுகட்டும் பிள்ளையின் கையில் தாள் இருக்கும். கல்லூரியின் முதல் கணித வகுப்பில் அது உதவாது. ஆகவே ஒவ்வொரு பள்ளியும் எத்தனை கிரெடிட்டுகளை இவ்வாறு மீட்டுக்கொடுத்தது என்பதைத் தேர்ச்சி விகிதத்தின் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்ன அந்த மாணவன் இரண்டு தேர்வுகளையும் மீண்டும் எழுத ஆசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறான். கேட்பதற்கு ஒரு கடிதம் எழுதித்தரும்படி என்னிடம்தான் வந்தான். பள்ளிக்குள் யாரிடம் போவதென்று அவனுக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
நூலகத் தன்னார்வலர் ஒருத்தி,
சிகாகோ