செயலாளர் ஆண்டறிக்கை: நாம் ஜெயிலுக்குப் போன ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பொங்கல், சித்திரைத் திருநாள், கோடை பிக்னிக், தீபாவளிக் கலைநிகழ்ச்சி எல்லாம் குறையில்லாமல் நடந்தன. பொங்கலன்று பனி கொட்டியும் கூட்டம் வந்தது, சர்க்கரைப் பொங்கல்தான் கடைசிப் பந்திக்குப் போதவில்லை. தமிழ்ப் பள்ளிக்கு இடம் கிடைப்பதில் இந்த ஆண்டும் இழுபறிதான். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மீதி நேரத்தை மரபு நடைக்கு, அதாவது ஊரின் பழைய கட்டடங்களை நடந்து பார்க்கும் நிகழ்ச்சிக்கு, எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டதும் திட்டு வாங்கியதும் அதுதான். அமெரிக்காவில் நாம் வாழும் இந்தப் பிட்ஸ்பர்க் நகர் மையத்தில் ராஸ் தெருவில் இருக்கும் பழைய அலகேனி கவுன்ட்டிச் சிறையைப் பார்க்கப் போகலாம் என்று குழு முடிவெடுத்தபோது, "நல்ல நாளும் அதுவுமா ஜெயிலுக்கா கூட்டிக்கிட்டுப் போறீங்க?" என்று ஒரு அம்மா கூட்டத்திலேயே கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். பாலங்கள், பூங்காக்கள், அருங்காட்சியகங்கள் என்று பார்க்க எத்தனையோ இருக்கும் ஊர் இது. ஆனால் உலகத்துக் கட்டடக்கலை மாணவர்கள் தேடி வரும் ஒரு கட்டடத்தை, இத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தும் காரில் கடந்துபோனதோடு சரி என்று விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கவுன்ட்டி என்பது மாவட்டம் மாதிரி, கவுன்ட்டிச் சிறை என்றால் நம் ஊர்க் கிளைச்சிறை மாதிரி. விசாரணை முடியாதவர்களும் குறுகிய காலத் தண்டனைக்காரர்களும் இருக்கும் இடம். அதனால்தான் நீதிமன்றத்தை ஒட்டியே இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். 1882-இல் பழைய நீதிமன்றம் தீயில் எரிந்துபோனது. புதிதாகக் கட்ட 1883-இல் நடந்த போட்டியில் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் என்ற கட்டடக் கலைஞர் வென்றார். லூசியானாவில் பிறந்து பாரிஸில் படித்து பாஸ்டன் பக்கம் தொழில் செய்தவர். நீதிமன்றம், சிறை இரண்டையும் சேர்த்தே வரைந்தார். 1884-இல் வேலை தொடங்கியது. வூஸ்டரைச் சேர்ந்த நார்கிராஸ் சகோதரர்கள் ஒப்பந்தக்காரர்கள். கல் மாசசூசெட்ஸின் மில்ஃபோர்டிலிருந்து வந்த இளஞ்சிவப்புக் கிரானைட்.

சிறை 1886-இல் முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 27-இல் சிறுநீரக நோயால் ரிச்சர்ட்சன் இறந்தார், வயது 47. பிட்ஸ்பர்க் வேலையை முடித்துப் பார்க்கும்வரை உயிர் இருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், 1888-இல் முடிந்த நீதிமன்றத்தைப் பார்க்கவில்லை. மிச்ச வேலையை அவர் அலுவலகத்தின் வாரிசுகளான ஷெப்லி, ரூட்டன், கூலிட்ஜ் முடித்துக் கொடுத்தார்கள்.

நீதிமன்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'மூடியைத் திறந்த நரகம்' என்று 1868-இல் ஒருவர் எழுதிவைத்த ஊர் இது, அவ்வளவு புகை. அதனால் முன்கோபுரத்தின் உச்சியிலிருந்து நல்ல காற்றை உள்ளே இழுத்து, கெட்ட காற்றைப் பின்கோபுரங்கள் வழியாக வெளியேற்ற ரிச்சர்ட்சன் ஏற்பாடு செய்திருந்தார். அழகுக்கு வைத்தது என்று நாம் நினைக்கும் கோபுரம் கட்டடத்தின் மூக்கு! அப்புறம் 1913 வாக்கில் கிரான்ட் தெரு மேட்டை வெட்டி இறக்கியபோது வாசல் அந்தரத்தில் நின்றுவிட்டது. படிக்கட்டு கட்டிச் சமாளித்தார்கள். 1920-களில் வாசலையே கீழே இறக்கினார்கள். இன்று அந்தத் தெருவிலிருந்து நாம் நுழைவது, ரிச்சர்ட்சன் நிலவறையாக வரைந்த தளத்துக்குள்.

நீதிமன்றம் மிடுக்கானது, ஆனால் என் மனது சிறையில்தான் நின்றுவிட்டது. ராஸ் தெருவில் நின்று அந்த மதிலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சிற்பமோ கொடிவேலைப்பாடோ எதுவும் கிடையாது. இழைக்காமல் முரடாக விட்ட பெரிய பெரிய கற்கள், வரிசை வரிசையாக, அவ்வளவுதான். வாசல் வளைவைப் பாருங்கள்: வளைவைச் சுற்றி விசிறி போல நிற்கும் கற்கள் ஒவ்வொன்றும் ஆள் உயரத்தை விட நீளமாகத் தெரிகின்றன. அத்தனை பாரத்துக்குக் கீழே சின்னதாக ஒரு கதவு. உள்ளே போகிறவனிடம் கட்டடம் என்ன சொல்கிறதோ அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை ஏத்தினவன் ஆளு இல்ல, யானை" என்றார்.

உள்ளே அமைப்பு எளிமையானது. நடுவில் எண்கோண மண்டபம், அதிலிருந்து சிலுவை போலப் பிரியும் பிரிவுகள். நடுவில் நிற்கும் காவலர் எல்லாப் பக்கமும் பார்க்கலாம். சிறையறைகள் வெளிச்சுவரை ஒட்டாமல் உள்ளே தனி அடுக்குகளாக நின்றன, சுவருக்கும் அடுக்குக்கும் இடையில் நெடிய ஜன்னல்களின் வெளிச்சம் விழும். சுவரைக் குடைந்து தப்பலாம் என்று ஒருவன் நினைத்தால் முதலில் அவன் அறையை விட்டு வெளியே வர வேண்டும். இடம் போதாமல் 1904-க்கும் 1908-க்கும் இடையில் ஃபிரெடெரிக் ஆஸ்டர்லிங் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் விரிவாக்கினார். பழையது எது, புதியது எது என்று ஒட்டுத் தெரியாமல் கட்டியிருக்கிறார். தன் பாணியைக் காட்ட வேண்டும் என்று துடிக்காத கலைஞர்கள் அபூர்வம்.

தெருவுக்கு மேலே சிறையையும் நீதிமன்றத்தையும் இணைக்கும் மூடிய கல்பாலத்துக்குப் 'பெருமூச்சுப் பாலம்' என்று பெயர், வெனிஸில் உள்ளதைப் பார்த்துக் கட்டியது. கைதியைத் தெருவில் இறக்காமலே நீதிபதி முன் நிறுத்திவிடலாம்.

இவ்வளவு கல்லும் ஒருமுறை பலிக்கவில்லை. கொலைக் குற்றத்துக்காகத் தூக்குக்குக் காத்திருந்த எட், ஜாக் பிடில் சகோதரர்கள் 1902 ஜனவரி 30 விடியற்காலையில் தப்பினார்கள். அவர்களுக்கு ரம்பமும் துப்பாக்கியும் கொண்டுபோய்க் கொடுத்தவர் சிறை அதிகாரியின் மனைவி கேட் சாஃபெல்! ஆறுதல் வார்த்தை சொல்லப் போய் மனதைப் பறிகொடுத்தவர். கூடவே ஓடியும் போனார். பனியில் சறுக்குவண்டியைத் திருடிக்கொண்டு வடக்கே போனவர்களை மறுநாளே பட்லர் கவுன்ட்டியில் மடக்கிச் சுட்டார்கள். சகோதரர்கள் இருவரும் இறந்தார்கள். காயத்தோடு பிழைத்த கேட் சிறைக்குப் போனார். 1984-இல் இந்தக் கதை படமாகவும் வந்தது. நடையின்போது இதைச் சொன்னதும், அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். பெற்றோர் சிலர் என்னை முறைத்தார்கள்.

கட்டடம் 1976-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1995-இல் மொனங்கஹீலா ஆற்றங்கரையில் புதிய சிறை திறந்ததும் கைதிகள் அங்கே மாற்றப்பட்டார்கள். காலியான சிறையை என்ன செய்வது? மதிலையும் வெளிச்சுவர்களையும் நடு மண்டபத்தையும் வைத்துக்கொண்டு, உள்ளே அறை அடுக்குகளை எடுத்துவிட்டு, 2000-இல் குடும்ப நீதிமன்றமாக மாற்றினார்கள். நாம் விளையாட்டாக 'மாமியார் வீடு' என்று சொல்லும் இடத்தில் இப்போது நிஜமாகவே குடும்ப வழக்குகள் நடக்கின்றன. எங்கள் குழுவில் இந்த ஜோக்கை அடிக்காதவர் இல்லை.

அறைகளில் ஒரு பகுதியை மட்டும் அப்படியே நிறுத்திச் சிறு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நான் ஓர் அறைக்குள் போய் நின்றேன். கையை விரித்தால் சுவரில் இடிக்கும் போலிருந்தது. இரும்புக் கம்பிக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்திருக்கிறார்களோ, மூலைகளெல்லாம் மழுங்கி, தொட்டால் வழவழவென்று இருந்தது. இதை வைத்திருக்காவிட்டால், வெளியே உள்ள அழகான கல்லைப் பார்த்துவிட்டு உள்ளே இருந்தவர்களை மறந்துவிட்டுப் போயிருப்போம். முழுவதையும் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆய்வு மாணவர் ஒருவர் வாதாடினார். காலிச் சிறையை யார் காசு போட்டுக் காப்பாற்றுவார்கள் என்பது என் பதில். சென்னையில் 1837-ஆம் ஆண்டின் மத்தியச் சிறையை 2006-இல் புழலுக்கு மாற்றி 2009-இல் இடித்ததை நேரில் பார்த்த மூத்த உறுப்பினர், "இங்க ஆளுங்க உள்ளே நடமாடுறாங்களே, அதுவே போதும்" என்றார். நானும் அவர் கட்சி.

சரி, நிர்வாக விஷயங்கள். நீதிமன்றம் இயங்கும் கட்டடம் என்பதால் வார நாளில்தான் போக முடிந்தது, வேலைக்குப் போகிறவர்கள் பலர் வர முடியவில்லை என்பது உண்மையான குறை. வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு என்று முன்கூட்டியே எழுதியிருந்தும், எவர்சில்வர் டிபன் கேரியரோடு வந்தவர்களால் வரிசை நின்றது. வராதவர்களுக்காகக் கட்டடத்தைப் பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் தேவை, பெயர் கொடுங்கள்.

அடுத்த ஆண்டு நடைக்கு, ரிச்சர்ட்சனே வடகரையில் செங்கல்லில் கட்டிய இம்மானுவேல் தேவாலயத்தைக் குழு பரிந்துரைக்கிறது. மாற்று யோசனை இருப்பவர்கள் இந்தக் கூட்டம் முடிவதற்குள் எழுதிக் கொடுக்கலாம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் வெளியே மேசையில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்