தமிழ் பக்கத்தையும் டெஸ்ட் பண்ணுங்கப்பா

ஆசிரியருக்கு வணக்கம். வெப் அப்ளிகேஷன் டெஸ்டிங்லதான் இருக்கேன். நிறைய டீம்ல இங்கிலீஷ் பக்கத்த பெரிய மானிட்டர்ல பாத்துட்டு ஓகேன்னு விட்டுடறாங்க, அதே பக்கத்த தமிழுக்கு மாத்தி போன்ல பாத்தா நீளமான வார்த்தை பட்டன விட்டு வெளிய தொங்குது, லைன் ஹைட்ட (ஒரு வரிக்கு விடுற உயரத்த) கம்மியா வெச்சிருந்தா கி, கீ மேல இருக்குற சுழியே வெட்டுப்பட்டுப் போகுது. வெப் பக்கத்த எல்லாரும் பயன்படுத்த முடியணும்னு சொல்ற சர்வதேச வழிகாட்டி டபிள்யூசிஏஜி (WCAG), 2018ல வந்த அதோட 2.1 பதிப்புல 320 பிக்சல் அகலத்துலயும் பக்கவாட்டுல ஸ்க்ரோல் பண்ணாம படிக்க முடியணும்னு இருக்கு, யாரு பாக்குறா! பழைய ஸ்க்ரீன்ஷாட்டோட புதுச ஒப்பிடுற ஆட்டோமேஷன் டெஸ்டும் இருக்கு, ஆனா மொத ஸ்க்ரீன்ஷாட்லயே சுழி வெட்டுப்பட்டிருந்தா அது காலத்துக்கும் பாஸ்தான். அரசு சேவை தளங்களுக்கு டெண்டர் விடும்போதே தமிழ் வியூவ தனியா டெஸ்ட் பண்ணி காட்டணும்னு எழுதி வாங்கலாமே?

- ஒரு டெஸ்டர், கோவை