கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உயிரொளியை, அதாவது உயிர்கள் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும் வெளிச்சத்தை, இவ்வாண்டுக்கான பொதுப் பாடமாக எடுத்துக்கொள்வதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அதன்படி நடந்தவற்றையும் நடவாமற் போனவற்றையும் இங்கே வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. டிசம்பர்க் கூட்டம் மட்டும் மழையால் கைவிடப்பட்டது.

முதற்கூட்டம் முழுவதும் ஒரு குழப்பத்தைத் தீர்ப்பதிலேயே கழிந்தது. "என் வீட்டுப் பவளங்கள் தினமும் இரவில் பச்சையாக ஒளிர்கின்றனவே, அதுவும் உயிரொளிதானே?" என்று பலர் கேட்டார்கள். நீல எல்இடி விளக்கின் ஒளியை வாங்கி அதையே பச்சையாகத் திருப்பித் தருவது பவளம். விளக்கை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். உயிரொளியோ இருட்டில்தான் தெரியும். இவ்விரண்டும் ஒரே உயிரில் சந்திப்பதும் உண்டு. அக்வோரியா விக்டோரியா என்னும் சொறிமீனிலிருந்து ஒளி தரும் புரதத்தைப் பிரிக்கப் பலவாறு முயன்ற ஜப்பானிய விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா, ஒருநாள் சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்டியபோது அங்கிருந்த கடல்நீர் பட்டு அது பளிச்சென நீலமாக மின்னியதைக் கண்டு, கடல்நீரிலுள்ள கால்சியமே ஒளியைத் தூண்டுகிறது என்று புரிந்துகொண்டார். அதே சொறிமீனில் அவர் கண்ட மற்றொரு புரதம் அந்த நீலத்தைப் பச்சையாக்குவது. அதற்காகவே 2008இல் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார்.

ஆண்டின் முக்கிய வேலை பைரோசிஸ்டிஸ் என்னும் ஒருசெல் உயிரியை வீடுகளில் வளர்த்தது. இது பகலில் செடியைப் போல் வெளிச்சத்தில் உணவு தயாரித்துக்கொண்டு, இரவில் நீர் அசையும்போது கண்ணிமைக்கும் நேரம் மட்டும் ஒரு நீல மின்னல் தரும். பன்னிரண்டு குடுவைகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. மே மாத இறுதியில் எஞ்சியவை ஐந்து. போன ஏழில் ஒன்று என்னுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலை வெயில் நல்லது என்று எண்ணிக் கிழக்கு ஜன்னலில் வைத்தேன்; நான்காம் நாள் குடுவையின் அடியில் பழுப்பு நிறத்தில் தூசிபோல் படிந்திருந்தது, எவ்வளவு அசைத்தும் ஒரு பொட்டு வெளிச்சமும் வரவில்லை. இவ்வுயிரிக்கு இருபது டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும். நம் ஊர்க் கோடையில் ஏசி இல்லாத அறையில் அது பிழைப்பது கடினம்.

பிழைத்த ஐந்து வீடுகளிலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. டைமர் வைத்துப் பன்னிரண்டு மணி நேரம் மிதமான வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் முழு இருட்டு. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பாதியைப் புதிய ஊட்டநீருக்கு மாற்றுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த விருந்தினருக்கெல்லாம் குலுக்கிக் காட்டாமல் இருப்பது. ஒருமுறை குலுக்கியதும் அன்றைய சரக்கு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அடுத்த இரவு வரை காத்திருக்க வேண்டியதுதான். பவளத்தொட்டியில் ஊற்றினால் தொட்டி முழுவதும் மின்னுமே என்று நினைத்த ஓர் உறுப்பினருக்கு ஏமாற்றமே மிஞ்சியது: பம்பின் வேகமும், நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியும் ஓரிரவில் அனைத்தையும் தின்றுவிட்டன.

கடற்கரை நிகழ்ச்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். 2019 ஆகஸ்டில் பெசன்ட் நகர், திருவான்மியூர் கரைகளில் அலைகள் நீலமாக மின்னியதை நம்மில் சிலர் நேரில் கண்டவர்கள். அதை மீண்டும் காண்போம் என்று இரண்டு இரவுகள் சென்று, கால் நனைந்து, வேர்க்கடலை தின்று திரும்பினோம். அவ்வொளியைத் தரும் நாக்டிலூகா என்னும் ஒருசெல் உயிரி, பைரோசிஸ்டிஸைப் போல் வெளிச்சத்தை மட்டும் நம்பி வாழாமல் பிற நுண்ணுயிர்களை விழுங்கி வாழ்வதால், அதைக் குடுவையில் வளர்ப்பது நமக்கு எட்டாத வேலை. அது பெருகினால் மகிழ்ச்சி மட்டும் விளைவதில்லை: 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பகுதிகளில் பச்சை நாக்டிலூகா பெருகி நீர் நிறம் மாறியபோது, ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கின.

செலவே இல்லாமல் வெற்றி பெற்றது காரல் மீன் சோதனை. குழம்புக்கு வாங்கும் இதே காரலின் உணவுக்குழாயைச் சுற்றி வளையம்போல் ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் வாழும் ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னதி என்னும் பாக்டீரியாவின் ஒளியை மீன் தன் வயிற்றுப் பக்கமாகப் பரப்பி, கீழிருந்து பார்க்கும் எதிரிக்குத் தன் நிழல் தெரியாமல் மறைத்துக்கொள்கிறது. ஐஸில் நெடுநேரம் கிடக்காத காரல் ஐந்தை, லிட்டருக்கு முப்பது கிராம் உப்புக் கரைத்த நீரில் பாதி மூழ்குமாறு தட்டில் வைத்து, ஏசி அறையில் ஓரிரவு விட்டோம். மறுநாள் இரவு விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிய பிறகே, இரண்டு மீன்களின் தொண்டைப் பக்கம் நீலம் கலந்த பச்சையாகத் திட்டுத் திட்டாக ஒளி தெரிந்தது. அறை கொடுத்த உறுப்பினரின் வீட்டார் நாற்றம் பற்றிச் சொன்னது இவ்வறிக்கையில் இடம்பெறத் தக்கதன்று. அவர்களிடம் சங்கம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறது.

ஒளி எப்போதும் நல்ல சேதியாக வருவதில்லை என்பதை இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் பணியாற்றிய ஒரு நண்பர் எடுத்துரைத்தார். அங்கே இரவில் தொட்டி ஒளிர்ந்தால் விப்ரியோ ஹார்வேயி என்னும் பாக்டீரியாவின் தொற்று என்று பொருள். அந்த அளவுக்கு முற்றிவிட்டால் குஞ்சுகளைக் காப்பாற்றுவது அரிது.

கண்ணுக்கடியில் ஒளிப்பை கொண்ட ஒளிக்கண் மீனை இறக்குமதி செய்யலாமா என்ற வேண்டுகோளைச் செயற்குழு ஏற்கவில்லை. அந்த மீனுக்கு எந்நேரமும் இருண்ட தொட்டி வேண்டும். பட்டினி கிடந்தால் அதன் ஒளியே மங்கிப் போகும். கடலிலிருந்து பவளமோ பவளம் ஒட்டிய கல்லோ எடுத்து வருவதைப் பற்றிய நம் நிலையிலும் மாற்றமில்லை. திட்டு அமைக்கும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கொண்டுவருபவருக்குச் சங்கம் துணை நிற்காது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பிரித்துத் தரக்கூடிய பைரோசிஸ்டிஸ் குடுவைகள் இப்போது ஒன்பது உள்ளன. வேண்டுவோர் அறையின் வெப்பநிலையை ஒரு வாரம் குறித்து, அந்தத் தாளுடன் அடுத்த கூட்டத்திற்கு வரவும். என் பெயரையும் அந்தப் பட்டியலில் கடைசியாகச் சேர்த்திருக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்