இரவு நேர அலுவலர் கேட்டு மனு

அனுப்புநர்:
சிறு நாடக அரங்கு ஒன்றின் ஒலி, ஒளிப் பணியாளர்கள்

பெறுநர்:
மாநகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: இரவு நேரப் பணிகளைக் கவனிக்கத் தனி அலுவலர் நியமிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாடகம் முடிந்து, ஒயர்களைச் சுருட்டி வைத்துவிட்டு நாங்கள் தெருவுக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அந்நேரத்தில் அரசின் முகமாக நாங்கள் காண்பது ரோந்துக் காவலரை மட்டுமே. அவர்மீது குறையில்லை. ஆனால் உரிமம், ஒலி அளவு, கடைசி பஸ், தெருவிளக்கு என எதைக் கேட்டாலும் ‘மூடிவிட்டுப் போங்கள்’ என்பதற்கு மேல் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை.

மூடுவதால் இரவு அடங்கிவிடாது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2014-இல், மதுக்கூடங்களுக்குள் பின்னிரவு 1.30 மணிக்கு மேல் யாரும் நுழையக்கூடாது என்று விதித்தார்கள். குடிபோதைத் தாக்குதல்களில் இளைஞர்கள் உயிரிழந்த பின் வந்த விதி அது, நோக்கம் நியாயமானதே. ஆனால் மதுவை ஒழுங்குபடுத்தப் போய், இசையரங்குகளும் சேர்ந்து அடிவாங்கின. 2020-இல் நகர மையத்தின் பெரும்பகுதியில் அந்த விதியை விலக்கிக்கொண்டார்கள். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் வேறு வழியில் போனது. அங்கே சில இரவுக் கேளிக்கைக் கூடங்களுக்கு 24 மணி நேர உரிமம் கொடுத்தார்கள். எல்லாக் கதவுகளும் ஒரே மணிக்கு அடைபட்டால்தானே ஒட்டுமொத்தக் கூட்டமும் ஒரே தெருவில் வந்து நிற்கும்! நடனமாடவே உரிமம் கேட்ட 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தை நியூயார்க் 2017-இல் நீக்கியது. அதே ஆண்டு இரவு வாழ்வுக்கென ஓர் அலுவலகமும் அமைத்தது. இசைக்கூடத்துக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இடையே சமரசம் பேசுவது அதன் வேலைகளில் ஒன்று.

எங்களுக்கு உடனடித் தேவை அந்தச் சமரசம்தான். எங்கள் அரங்கு பழையது. ஒட்டினாற்போல் எழுந்த குடியிருப்பு புதியது. இப்போது புகார் வருவது எங்கள்மீது. குடியிருப்போரின் தூக்கமும் நியாயம்தான், நாங்களும் தூங்குகிறவர்களே, பகலில் என்றாலும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-இல் கொண்டுவந்த விதிப்படி, இயங்கிவரும் இசையரங்கின் அருகே வீடு கட்ட வருபவரே ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு. அரங்கு பின்னால் வந்தால் பொறுப்பு அரங்குக்கு. அத்தகைய விதியை இங்கும் கட்டட அனுமதியோடு இணைக்க வேண்டுகிறோம்.

நாங்கள் கேட்கும் அலுவலர் இரவில் பணியில் இருப்பவராக, போக்குவரத்து, காவல், சுகாதாரம் ஆகிய மூன்று துறைகளையும் ஒரே மேசையில் அமர்த்தும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். பகல் 10 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்புபவர் என்றால் அந்தப் பதவியே வேண்டாம்.

நேரில் விளக்க அழைத்தால் வருகிறோம். தாங்களே ஓர் இரவு 11 மணிக்கு மேல் அரங்குப் பக்கம் வந்து பார்த்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அரங்கப் பணியாளர்கள்