ஹோஸை வெட்டுவதற்கு முன்

அன்புள்ள சேகர்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல்.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். ஹேண்டில்பாரை 780 மில்லிமீட்டரிலிருந்து 740க்குக் குறைத்ததும், டிஸ்க் பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஹோஸ் இரண்டும் முன்னால் வளையம் போட்டு நிற்கின்றன. குன்னூர்ப் பக்கத்துக் காட்டுப் பாதையில் உண்ணிச்செடி அதில் மாட்டினால் ஹோஸ் பிய்யும், இல்லையென்றால் நீ விழுவாய். வெட்டத்தான் வேண்டும். நீயே வீட்டில் செய்துவிடலாம்.

வெட்டுவது ஒரு நொடி. அளப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். முன் பிரேக்கின் காலிப்பர் (டிஸ்க்கைப் பேடுகளால் அழுத்திப் பிடிக்கும் பகுதி), அமுங்கி நீளும் முன் கவையான ஃபோர்க்கோடு சேர்ந்தே திரும்புவதால், ஹேண்டிலைத் திருப்பினாலும் அந்த ஹோஸ் இழுபடாது. ஃபோர்க் முழுக்க நீண்டிருக்கும்போதுதான் அதற்கு அதிக நீளம் தேவை. அதனால் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து அள. பின் பிரேக் வேறு கதை. உனக்கு அது இடக்கையில் இருக்கிறது, ஹேண்டிலை வலப்பக்கம் கோடி வரை திருப்பும்போது அதிகமாக இழுபடும். அந்த நிலையில் வைத்துக் குறி போடு. குறிக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விடு. பிற்பாடு ஆலிவ் (நட்டை முறுக்கும்போது நசுங்கி ஹோஸைப் பிடிக்கும் சிறு உலோக வளையம்) மாற்ற நேர்ந்தால் பழைய முனையை வெட்டி எறிய வேண்டும், அதற்கு அந்த நீளம் வேண்டும். உன்னுடையது ஹார்ட்டெயில், பின்னால் ஷாக் கிடையாது. பின் ஷாக் இருந்தால் அதன் காற்றை இறக்கி அமுக்கியும் பார்க்க வேண்டியிருக்கும்.

எப்போதும் லீவர் பக்கம்தான் வெட்ட வேண்டும், காலிப்பர் பக்கத்தைத் தொடாதே. முதலில் சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றித் தூரமாக வை. எண்ணெய் பட்ட பேடைத் தேய்த்துக் காப்பாற்றலாம் என்பார்கள், நம்பாதே, தூக்கித்தான் போட வேண்டும். பேடு இருந்த இடத்தில் மஞ்சள் பிளீட் பிளாக்கை (பேடுக்குப் பதிலாக வைக்கும் பிளாஸ்டிக் துண்டு) செருகு. அப்புறம் லீவரின் ரப்பர் உறையைத் தள்ளி, 8 மி.மீ. ஸ்பேனரால் நட்டைக் கழற்று. ஹோஸ் வெளியே வந்த பிறகு லீவரை அமுக்கவே கூடாது, அமுக்கினால் காற்று ஏறிவிடும். முனையை மேல்நோக்கிப் பிடித்தால் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டுதான் போகும். மறுமுனை மூடியிருக்கிறதே, விரலால் மேலே அடைத்த உறிஞ்சுகுழல் மாதிரி உள்ளேயே நிற்கும்.

கட்டிங் பிளேயரால் வெட்டாதே, வாய் நசுங்கும். ஹோஸ் கட்டர், இல்லையென்றால் புது பிளேடு. வெட்டு செங்கோணமாக இருக்க வேண்டும், சாய்ந்தால் உள்ளே சரியாக உட்காராமல் கசியும். வெட்டியதும் கோர்க்கும் வரிசையை மறக்காதே: ரப்பர் உறை, நட், புது ஆலிவ். கடைசியாக இன்செர்ட்டை (ஹோஸின் வாய்க்குள் போகும் சிறு உலோகக் குழாய்) அடித்து இறக்கு. ஆலிவ் இல்லாமல் இன்செர்ட்டை அடித்துவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் ஏராளம். திரும்ப வெட்டுவதைத் தவிர வழி இல்லை.

வைஸில் பள்ளம் உள்ள மஞ்சள் பிளாக்குகளுக்கு நடுவே ஹோஸைப் பிடித்து, இன்செர்ட்டை லேசாகத் தட்டு. அதன் விளிம்புக்கும் ஹோஸின் வாய்க்கும் இடையில் இடைவெளி தெரியக்கூடாது. உன் பிரேக் கம்பெனியான ஷிமானோவில் இரண்டு வகை ஹோஸ் உண்டு. பிஎச்59க்குத் தங்க நிற இன்செர்ட், 13.2 மி.மீ.; பிஎச்90க்கு வெள்ளி நிறம், 11.2 மி.மீ. மாற்றிப் போட்டால் பொருந்தாது. பழைய ஆலிவை மீண்டும் போடும் சிக்கனமும் வேண்டாம். அது ஒருமுறை நசுங்கித்தான் பிடிக்கும்.

ஹோஸை லீவருக்குள் முட்டும்வரை தள்ளி, அந்த அழுத்தத்தை விடாமல் நட்டை முறுக்கு. 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் போதும். பாதியில் கை தளர்ந்தால் ஹோஸ் சற்றே பின்வாங்கும். கசிவுகளில் பெரும்பாலானவை அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

பிறகு லீவரைத் தரைக்குச் சமமாகத் திருப்பி, மேல் திருகை எடுத்துப் புனலை மாட்டி மினரல் ஆயில் ஊற்று. லீவரை மெதுவாக அமுக்கி விடு, ஹோஸைத் தட்டிக்கொடு, லீவரை மேலும் கீழும் சற்றுச் சாய்த்துப் பார். குமிழிகள் நின்றதும் திருகைப் போடு. மென்மையாகப் போடு, அதன் மரை சீக்கிரம் போய்விடும். எண்ணெய் விளிம்புவரை நிற்கும்போதே மூடினால்தான் காற்று சிக்காது. பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். லீவர் இன்னும் பஞ்சு மாதிரி இருந்தால் மட்டும் காலிப்பரிலிருந்து முழு பிளீடிங் (காற்றை வெளியேற்றி எண்ணெயை நிரப்புவது).

பைக் கடையில் கிடைக்கும் டாட் 4 பிரேக் திரவத்தை ஷிமானோவில் ஊற்றவே கூடாது, சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். உன் தம்பி வைத்திருக்கும் ஸ்ராம் கம்பெனி பிரேக்கைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதில் பல மாடல்களுக்கு டாட் திரவம், ஆனால் டிபி8, மேவன் இரண்டுக்கும் மினரல் ஆயில். மாடலைப் பார்த்துவிட்டுத்தான் புட்டியைத் திறக்கச் சொல்.

எல்லாம் முடிந்ததும் ஆல்கஹாலால் துடைத்து, பேடையும் சக்கரத்தையும் மாட்டு. நட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் சுற்றி, லீவரை முழு பலத்தோடு ஒரு நிமிடம் பிடித்திரு. பேப்பரில் ஈரம் தெரிந்தால் ஓட்டாதே.

ஹோஸின் மேல் பிஎச்59 என்றிருக்கிறதா, பிஎச்90 என்றிருக்கிறதா என்று பார்த்துப் படம் அனுப்பு. இரண்டுக்கும் என்னிடம் ஆலிவ், இன்செர்ட் செட் இருக்கிறது, எது என்று தெரிந்ததும் கூரியரில் போடுகிறேன்.

அன்புடன்,
ரவி