ஃப்ளூ ஊசி: அடைமழைக்கு முன்பே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

'ஃப்ளூ ஊசி போட்டும் சளி பிடித்தது, பிறகு எதற்கு ஊசி?' என்ற பேச்சு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. கையில் போடும் ஊசி ரத்தத்தில் ஐஜிஜி எதிர்ப்புப் புரதத்தைப் பெருக்கும். வைரஸை மூக்கிலேயே மறிக்கும் ஐஜிஏ என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதம் அதனால் அவ்வளவாக ஊறாது. ஆகவே மூக்கு ஒழுகலாம். ஆனால் நிமோனியாவாகி ஆஸ்பத்திரியில் படுக்கும் ஆபத்து குறையும். அதுவும் ஃப்ளூவுக்கு மட்டுமே. சாதாரணச் சளி தரும் ரைனோவைரஸ் இதற்கு அடங்காது.

எதிர்ப்புச் சக்தி உருவாகச் சுமார் 2 வாரம் ஆகும். ஐப்பசி மழையோடு காய்ச்சல் கூடுவதால் புரட்டாசிக்குள் போட்டுவிடுவது நல்லது. வைரஸின் மேற்புரதம் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரி, செப்டம்பர் என ஆண்டுக்கு 2 முறை தடுப்பூசிக்கான வகைகளை அறிவிக்கிறது. பெட்டியில் எந்த ஆண்டின் கலவை என்று பார்த்து வாங்குங்கள். 6 மாதம் முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைக்கு முதன்முறை என்றால் 4 வார இடைவெளியில் 2 தவணை.

மருந்து வழியிலேயே கெட்டுவிடலாம். 2 முதல் 8 டிகிரி வேண்டும் என்றதும், ஐஸ் கட்டிமேல் நேரடியாக வைத்துக் கொண்டுவருகிறார்கள். ஒருமுறை உறைந்த மருந்து, உருகியபின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வீண். ஃபிரிட்ஜ் கதவுத் தட்டும் ஆகாது. கரண்ட் போனால் முதலில் சூடேறுவது அதுதான்.

பெரிய வீடுகளில் தனியே இருக்கும் ஆச்சிகளுக்கும் ஐயாக்களுக்கும் நகரத்தார் சங்கங்கள் செப்டம்பரிலேயே முகாம் நடத்தலாமே?

மருந்தாளுநர், காரைக்குடி